கேஜ் 125 காட்டுகிறது, அதனால் இன்ஜின் ஸ்டாக் என்று நம்பலாமா?

கேள்வி: மயிலாடுதுறைப் பக்கம் ஒரு யமஹா ஆர்எக்ஸ் 100 விலைக்கு வருகிறது. மெக்கானிக் கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் அமுங்கும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் கருவி) போட்டுப் பார்த்ததில் 125 பிஎஸ்ஐ. "இன்ஜின் ஸ்டாக், யாரும் கை வைக்கல" என்கிறார் விற்பவர். இந்த எண்ணை வைத்து அதை நம்பலாமா?

நம்பக் கூடாது. 125 நல்ல எண்தான். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கும், பிஸ்டன் ஓடுகிற துளையான போரும் காற்றைப் பிடித்து நிறுத்துகின்றன என்பதற்கு அது சான்று. உள்ளே வேலை எதுவும் நடக்கவில்லை என்பதற்கு அது சான்றே இல்லை. நன்றாகப் போர்ட்டிங் செய்து (சிலிண்டர் சுவரிலுள்ள காற்று, புகை வழிகளை அரைத்து மாற்றி), ஹெட்டை லேத்தில் ஃபேஸிங் அடித்த (அடி முகத்தைச் சீவி இறக்கிய) இன்ஜினும் இதே 125-ஐ ஒட்டிக் காட்டும். எப்படி என்று கணக்கோடு சொல்கிறேன். அது புரிந்துவிட்டால், கேஜுக்குப் பிறகு எதை அளக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

ஆர்எக்ஸ் 100-க்குப் போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50 மி.மீ., ஆக 98 சிசி. கம்ப்ரஷன் ரேஷியோ, அதாவது காற்று எத்தனை மடங்கு அமுங்குகிறது என்பது, 6.5. இந்த 6.5 முழு 98 சிசியை வைத்துப் போட்ட கணக்கு அல்ல. டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் கீழேயிருந்து ஏறும்போது, எக்ஸாஸ்ட் போர்ட் மூடும்வரை காற்று சைலன்ஸர் பக்கம் வெளியேறிக்கொண்டே இருக்கும். போர்ட் மூடிய பிறகு மிச்சமிருக்கிற தூரத்தில்தான் காற்று அமுங்குகிறது. கேஜ் காட்டுவது அந்த மிச்சத்தின் அழுத்தத்தை மட்டும்.

உதாரணத்துக்கு, எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல் விளிம்பு பிஸ்டனின் உச்ச நிலையிலிருந்து 28 மி.மீ. கீழே இருக்கிறது என்று வைப்போம். 50 மி.மீ. போரில் 28 மி.மீ. உயரம் என்றால் 55 சிசி. 6.5 ரேஷியோ வர ஹெட்டுக்குள் 10 சிசி இடம் இருக்க வேண்டும். காற்று அமுங்கும்போது சூடாவதையும், கிக்கர் வேகத்தில் கொஞ்சம் கசிவதையும் சேர்த்துக் கணக்கிட்டால் கேஜில் 124 பிஎஸ்ஐ அளவில் வரும்.

இப்போது ஒருவர் ஹெட்டில் அரை மி.மீ. ஃபேஸிங் அடிக்கிறார். உள் இடம் ஏறக்குறைய 1 சிசி குறைந்து 9 சிசி ஆகிறது. ரேஷியோ 7.1. கேஜ் 140 காட்டும். அதே ஆள் எக்ஸாஸ்ட் போர்ட்டையும் 2 மி.மீ. மேலே ஏற்றி அரைத்தால், அமுங்கும் தூரம் 28-லிருந்து 26 ஆகிவிடும். ரேஷியோ 6.7-க்கு இறங்கும். கேஜ் 128. ஆக இரண்டு பெரிய வேலைகள் உள்ளே நடந்திருக்கின்றன, முள்ளோ ஸ்டாக் வண்டியின் முள் நிற்கும் இடத்திலேயே வந்து நிற்கிறது. போர்ட்டை உயர்த்துபவர்கள் இழந்த கம்ப்ரஷனை மீட்கத்தான் ஹெட்டை இறக்குகிறார்கள். அதனால் இந்த இரண்டும் பெரும்பாலும் ஜோடியாகவே வரும். தெரிந்து வேலை செய்த கையை கேஜ் காட்டிக்கொடுக்காது. ஹெட்டை மட்டும் இறக்கியவர், போர்ட்டை மட்டும் தோண்டியவர், இவர்கள்தான் கேஜில் மாட்டுவார்கள்: முதலாமவர் வண்டி 140-க்கு மேல் போகும், இரண்டாமவர் வண்டி 114 பக்கம் நிற்கும்.

அடுத்து, அந்த 125 சரியாக எடுத்த 125-தானா என்று பாருங்கள். கார் பட்டறைகளில் இருக்கும் நீள ஹோஸ் கேஜில், காற்றைத் திரும்ப விடாத சின்ன வால்வு சில சமயம் கேஜ் பக்கமே இருக்கும். அப்படியானால் ஹோஸுக்குள் இருக்கும் இடமும் ஹெட்டின் இடத்தோடு சேர்ந்துவிடும். 1,200 சிசி காரில் இது பெரிதாகத் தெரியாது. 10 சிசி இடம் உள்ள ஆர்எக்ஸில் வெறும் 2 சிசி சேர்ந்தாலே 124 காட்ட வேண்டியது 101 என்று வரும். வால்வு பிளக் ஓட்டையில் முடுக்குகிற முனையிலேயே இருக்கிற கேஜ்தான் வேண்டும். அடாப்டரின் புரியும் பொருந்த வேண்டும்: ஆர்எக்ஸுக்கு 14 மி.மீ., ஸ்ப்ளெண்டருக்கு 10 மி.மீ. ரப்பர் கூம்பை ஓட்டையில் கையால் அமுக்கிப் பிடிக்கிற வகை இந்த வேலைக்கு ஆகாது. கட்டைவிரலை வைத்து "கம்ப்ரஷன் சூப்பரா இருக்கு" என்று சொல்வதைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள்.

இன்ஜினை நன்றாகச் சூடாக்குங்கள், நாலைந்து கிலோமீட்டர் ஓட்டினால் போதும். பிளக் ஓட்டையைச் சுற்றியுள்ள மண்ணை ஊதிவிட்டுப் பிளக்கைக் கழற்றுங்கள். கழற்றிய பிளக்கைக் கேப்போடு ஹெட்டில் படும்படி வையுங்கள், இல்லாவிட்டால் இக்னிஷன் காயில் அடிவாங்கும். ஓட்டைக்குப் பக்கத்தில் வேண்டாம், உள்ளேயிருந்து வருகிற பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். பெட்ரோல் டேப்பை மூடுங்கள், சோக்கைத் திறந்து வையுங்கள், ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடியுங்கள். ஆக்ஸிலேட்டரைத் திருகாமல் எடுத்த ரீடிங்கில் 20, 30 பிஎஸ்ஐ குறைவது சாதாரணம். பிறகு முள் ஏறுவது நிற்கும்வரை ஒரே சீராகக் கிக்கரை உதையுங்கள்.

கடைசி எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு விட்டுவிடாதீர்கள், ஒவ்வொரு உதைக்கும் முள் எங்கே நின்றது என்று எழுதுங்கள். 70, 100, 115, 122, 125, 125 என்று போனால் ரிங் நன்றாக இருக்கிறது. 40, 60, 76, 90, 101, 110, 117 என்று ஏணி ஏறுவதுபோல் மெதுவாகப் போய் ஒருவழியாக 125-ஐத் தொட்டால், ரிங் தேய்ந்திருக்கிறது அல்லது போர் முட்டை வடிவமாகிவிட்டது. அந்த வண்டியில் கடைசி எண் 125 வருவதற்குக் காரணம் இறக்கிய ஹெட்டாகவும் இருக்கலாம். தேய்ந்த இன்ஜினை விற்பதற்கு முன் ஹெட்டை ஃபேஸிங் அடித்துவிட்டால் உதைக்கும்போது காலுக்குக் கெட்டியாகத் தெரியும், கேஜிலும் மானம் காக்கும். முதல் உதையின் எண் குறைவு, கடைசி எண் மட்டும் நல்லது என்றால் இந்தச் சந்தேகம் வர வேண்டும்.

அறுவடை நாளில் வைக்கோல் தூசிக்குள் ஏர் ஃபில்டர் இல்லாமல் ஓடிய வண்டிகளில் இந்த மெதுவான ஏற்றத்தை எதிர்பார்க்கலாம். சத்தத்துக்காக ஃபில்டர் பாக்ஸைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறவர்கள் ரிங்கை அரைத்துக்கொண்டே ஓட்டுகிறார்கள்.

உயரத்துக்காக ரீடிங்கைத் திருத்த வேண்டுமா என்றால், டெல்டாவில் வேண்டாம். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம்வரை எல்லாமே ஏறக்குறையக் கடல் மட்டம்தான். கொடைக்கானலில் எடுத்த ரீடிங்கை யாராவது காட்டினால் மட்டும் கவனம். 2,100 மீட்டர் உயரத்தில் அதே இன்ஜின் ஐந்தில் ஒரு பங்கு குறைவாகக் காட்டும்.

இனி கேஜுக்கு எட்டாத வேலைகளுக்கு வருவோம். முதலில் பார்க்க வேண்டியது, ஆர்எக்ஸ் 100-இல் ஆர்எக்ஸ் 135 பிளாக் (சிலிண்டர்) ஏற்றியிருக்கிறார்களா என்பது. ஆர்எக்ஸ் 135-இன் போர் 58 மி.மீ., ஸ்ட்ரோக் அதே 50 மி.மீ. சிலிண்டரின் அளவு எவ்வளவு என்பது கேஜுக்குத் தெரியவே தெரியாது. பெரிய பிளாக்கும் அதற்கேற்ற ஹெட்டும் சேர்ந்தால் ரீடிங் அதே இடத்தில் வரும். ஸ்ட்ரோக்கை அளந்தும் பயனில்லை, இரண்டுக்கும் ஒன்றுதான். ஹெட்டைக் கழற்ற விற்பவர் சம்மதித்தால் வெர்னியர் வைத்துப் போரை அளந்துவிடலாம், ஒரு நிமிட வேலை. சம்மதிக்காவிட்டால் பிளக் ஓட்டை வழியாகவே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது.

வண்டியைச் சாய்த்து, பிளக் ஓட்டை இருப்பதிலேயே உயரமான இடமாக வரும்படி நிறுத்துங்கள். பிஸ்டனை உச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் 10 மி.லி. சிரிஞ்சில் 2டி ஆயிலை (டூ ஸ்ட்ரோக் ஆயில்) எடுத்து, பிளக் புரியின் அடி விளிம்புவரை நிரப்புங்கள். எத்தனை மி.லி. போனது என்று எழுதுங்கள்; அதுதான் ஹெட்டின் உள் இடம். ரிங் வழியாக ஆயில் மெல்ல இறங்கும், அதனால் ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிட வேண்டும். பிறகு பிஸ்டனை மிகச் சரியாக 20 மி.மீ. இறக்குங்கள். டயல் கேஜ் இருந்தால் அதை வைத்து அளக்கலாம். இல்லாவிட்டால் நேரான சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியில் கோடு போட்டு இறக்கலாம், ஆனால் கம்பி சிலிண்டருக்கு நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். 20 மி.மீ. ஆழத்தில் எக்ஸாஸ்ட் போர்ட் இன்னும் மூடியே இருக்கும், ஆயில் வெளியே போகாது. இப்போது மறுபடியும் அதே விளிம்புவரை நிரப்ப எத்தனை மி.லி. தேவைப்பட்டது என்று பாருங்கள். 50 மி.மீ. போர் என்றால் 39.3 மி.லி. 51 மி.மீ., அதாவது கடைசி ஓவர்சைஸ் பிஸ்டன் என்றால் 40.9. 58 மி.மீ. என்றால் 52.8. ரீபோர் (தேய்ந்த போரைக் கடைந்து, கொஞ்சம் பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது) ஆகியிருக்கிறதா என்று இதில் உறுதியாகச் சொல்ல முடியாது, பிஸ்டனை இறக்கியதில் அரை மி.மீ. பிசகினாலே 1 மி.லி. மாறிவிடும். ஆனால் 39-க்கும் 53-க்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் மறைக்க முடியாது.

வேலை முடிந்ததும் சிரிஞ்சில் டியூப் மாட்டி ஆயிலை முழுக்க உறிஞ்சுங்கள். பிளக் மாட்டாமல் கிக்கரைக் கையால் மெதுவாகச் சுற்றி மிச்சத்தையும் வெளியேற்றுங்கள். ஆயில் உள்ளே நிற்கும்போது பிளக்கை மாட்டி உதைத்தால் திரவம் அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இந்த அவசரம் வேண்டாம்.

ஓவர்சைஸைப் பொறுத்தவரை அது மாடிஃபிகேஷன் அல்ல, பழுதுவேலை. 0.25, 0.50, 0.75, 1.00 என்று நாலு படி உண்டு. பிஸ்டன் தலையில் அந்த எண் குத்தியிருக்கும். மேலே கார்பன் படிந்திருந்தால் ஹெட்டைக் கழற்றித் துடைத்துப் பார்க்க வேண்டும். 1985 முதல் 1996 வரை தயாரான வண்டி இன்றைக்கும் ஸ்டாண்டர்டு போரில் இருந்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும். நீங்கள் கவலைப்பட வேண்டியது நாலாவது படியும் முடிந்து புது ஸ்லீவ் (போருக்குள் இறுக்கும் உருளை) அடித்த பிளாக்கைப் பற்றி. ஸ்லீவின் போர்ட்டும் பிளாக்கின் போர்ட்டும் ஒன்றுக்கொன்று நேராக உட்காரவில்லை என்றால் உள்ளே படிக்கட்டுபோல் விளிம்பு நிற்கும். போர்ட்டின் உயரமே அரை மி.மீ., ஒரு மி.மீ. மாறிப்போயிருக்கும். யாரும் வேகத்துக்காகச் செய்தது அல்ல, லேத் பட்டறையின் கவனக்குறைவு. விளைவு என்னவோ போர்ட்டிங் செய்ததற்குச் சமம்.

போர்ட்டை நேரில் பார்க்க சைலன்ஸரைக் கழற்றினால் போதும், விற்பவர்களும் இதற்கு அவ்வளவாக மறுப்பதில்லை. டார்ச் அடித்து எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல் விளிம்பைப் பாருங்கள். கம்பெனி போர்ட்டில் வார்ப்பின் சொரசொரப்பு இருக்கும், விளிம்பு சீரான வளைவாக இருக்கும். கிரைண்டர் பட்ட இடம் வழுவழுப்பாகவோ, குறுக்கும் நெடுக்குமாகக் கீறல் விழுந்தோ தெரியும். விளிம்பு இடமும் வலமும் ஒரே மாதிரி இருக்காது. பிறகு பிஸ்டனை மெதுவாக ஏற்றி, அதன் தலை போர்ட்டின் மேல் விளிம்பை மூடும் நொடியில் நிறுத்தி, அங்கிருந்து உச்சம்வரை எத்தனை மி.மீ. என்று பிளக் ஓட்டை வழியாக அளந்துகொள்ளுங்கள். இந்த எண்ணும், முதலில் ஆயில் ஊற்றி எடுத்த ஹெட்டின் உள் இடமும், போரின் அளவும் கையில் இருந்தால் உண்மையான ரேஷியோவை நீங்களே போட்டுவிடலாம். கை வைக்காத இன்னொரு ஆர்எக்ஸ் 100-இல் இதே இரண்டு அளவையும் எடுத்து ஒப்பிடுவதுதான் மிகவும் நம்பகமான வழி. டெல்டாவில் ஆர்எக்ஸ் இல்லாத ஊர் குறைவு, கேட்டால் கிடைக்கும். போர்ட்டைப் பக்கவாட்டில் அகலப்படுத்தியிருந்தால் மட்டும் எந்த அளவிலும் வராது, கேஜிலும் வராது. அதுதான் ஆபத்தான வேலை. அளவு மீறி அகலமான போர்ட்டில் ரிங் பிதுங்கி, விளிம்பில் மாட்டி உடையும். கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

ஹெட் ஃபேஸிங்குக்கு இன்னொரு சோதனையும் உண்டு. 2 மி.மீ. சால்டர் கம்பியைப் பிளக் ஓட்டை வழியாக விட்டு, நுனி சிலிண்டர் சுவரைத் தொடும்படி பிடித்துக்கொண்டு, பிஸ்டனை ஒருமுறை உச்சம் தாண்டிச் சுற்றுங்கள். நசுங்கிய நுனியின் தடிப்பை வெர்னியரில் பாருங்கள். பிஸ்டன் பின் (பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் குறுக்குத் தண்டு) இருக்கும் திசையில் இடது, வலது இரண்டு பக்கமும் எடுக்க வேண்டும். 0.7 மி.மீ.-க்குக் கீழே வந்தால் அளவுக்கு மீறி இறக்கியிருக்கிறார்கள். சூட்டில் கனெக்டிங் ராடு நீண்டு பிஸ்டன் ஹெட்டைத் தட்டும் நிலைக்கு அது பக்கம். கம்பி நசுங்கவே இல்லை, கேஜும் குறைவு என்றால் பிளாக்குக்கு அடியில் இரட்டை கேஸ்கட் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அடி கேஸ்கட் அரை மி.மீ. தடித்தால் பிளாக் மொத்தமும் அரை மி.மீ. உயரும், எல்லாப் போர்ட்டும் உயரும், ஹெட்டின் இடமும் கூடும். பிளாக் அடியில் பிதுங்கிக் காய்ந்த அனாபாண்ட் (கேஸ்கட் பசை) புதிதாக இருந்தால், அண்மையில் பிளாக் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். எதற்காக இறங்கியது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

150-க்கு மேல் ரீடிங் வந்தால் சந்தோஷப்பட வேண்டாம். காற்றால் குளிரும் டூ ஸ்ட்ரோக் அது. சித்திரை வெயிலில் கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர்வரை முழு ஆக்ஸிலேட்டரில் போனால் டெட்டனேஷன் (பெட்ரோல் கலவை தாறுமாறாக வெடிப்பது) ஆரம்பித்து, பிஸ்டன் தலை ஓரம் அரித்து, கடைசியில் பிஸ்டன் இறுகி சீஸ் ஆகும். 2டி ஆயிலை அள்ளி ஊற்றிய வண்டியிலும் கார்பன் படிந்து ரீடிங் கொஞ்சம் ஏறும். அதனால் 140-ஐப் பார்த்தவுடன் ஃபேஸிங் என்று முடிவு கட்டாமல், முதலில் ஹெட்டையும் பிஸ்டன் தலையையும் சுரண்டிவிட்டு மறுபடியும் எடுங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால்தான் ஹெட்டை அளக்க வேண்டும்.

கம்ப்ரஷன் நன்றாக இருந்தும் வண்டி சூடானதும் ஐடிலில் நிற்கவில்லை என்றால் கிராங்க் ஆயில் சீல் (கிராங்க் அறைக்குள் வெளிக் காற்று புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) போயிருக்கலாம். கேஜுக்கு அதுவும் தெரியாது. கார்புரேட்டர் பக்கத்தையும் எக்ஸாஸ்டையும் அடைத்து, 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றி, நிமிடத்துக்கு 1 பிஎஸ்ஐ-க்கு மேல் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு இந்தச் சோதனை கட்டாயம். அப்படி நின்ற வண்டியின் போரில், பிஸ்டன் நின்ற இடத்தில் துரு ஒரு வளையமாகத் தெரியும்.

ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி என்றால் இதே எண்களை வைத்துப் பேச முடியாது. ஸ்ப்ளெண்டர் மாதிரி இன்ஜினில் 150-ஐத் தாண்டுவது இயல்பு. அங்கே 5 மி.லி. இன்ஜின் ஆயிலைப் பிளக் ஓட்டையில் ஊற்றி மறுபடி எடுத்துப் பார்க்கலாம்: ரீடிங் நன்றாக ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் ஹெட்டின் இடத்தையும் அடைத்துக்கொள்வதால் இந்த ஆயில் சோதனை குழப்பத்தைத்தான் கூட்டும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஹாட் கேம் (வால்வை அதிக நேரம் திறந்து வைக்கும் கேம் தண்டு) போட்டால் இன்டேக் வால்வு தாமதமாக மூடும். கிக்கர் வேகத்தில் ரீடிங் குறையும், இன்ஜினில் ஒரு குறையும் இருக்காது. ஆட்டோ டீகம்ப்ரஸர் (ஸ்டார்ட் செய்யும்போது வால்வைக் கொஞ்சம் திறந்து அழுத்தத்தைக் குறைக்கும் அமைப்பு) உள்ள இன்ஜினிலும் ரீடிங் குறைவாகத்தான் வரும். அங்கெல்லாம் லீக்டவுன் சோதனைதான் (சிலிண்டருக்குள் காற்று ஏற்றி எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது) வழி.

ஒரு எச்சரிக்கை: இந்தப் பெட்ரோல் கேஜை டீசல் பம்ப்செட்டிலோ பவர் டில்லரிலோ மாட்டிவிடாதீர்கள். அங்கே 400 பிஎஸ்ஐ சாதாரணம். 300 வரை காட்டும் கேஜ் கையிலேயே வெடிக்கக்கூடும். டீசலில் ஆயில் ஊற்றிச் சோதிப்பதும் கூடாது, அந்த ஆயிலே பற்றிக்கொள்ளும்.

வாங்கலாமா என்பதற்கு வருகிறேன். போர்ட்டை உயர்த்திய வண்டி மேல் வேகத்தில் பறக்கும், கீழ் வேகத்தில் இழுக்காது. நீங்கள் உர மூட்டை ஏற்றிக்கொண்டு வாய்க்கால் கரை ரோட்டில் போகிறவர் என்றால் அது உங்களுக்கான வண்டி அல்ல. உயர்த்திய போர்ட்டைத் திரும்ப இறக்க முடியாது, புது ஸ்லீவோ புது பிளாக்கோதான். ஃபேஸிங் அடித்த ஹெட் மட்டும் என்றால் பெரிய விஷயம் இல்லை, வேறு ஹெட் மாற்றினால் சரியாகிவிடும். அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். 135 பிளாக் ஏறியிருந்தால் வேண்டாம் என்பதே என் கருத்து. ஆர்சி புத்தகத்தில் 98 சிசி, உள்ளே 132 சிசி என்றால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி அது அனுமதியில்லாத மாற்றம். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் க்ளெய்மில் முதலில் அதைத்தான் பிடிப்பார்கள்.

விற்பவர் ஹெட்டைக் கழற்ற விடாவிட்டாலும் சைலன்ஸர், சிரிஞ்சு, சால்டர் கம்பி மூன்றுக்கும் சம்மதம் கேளுங்கள். ஒரு மணி நேரம் ஆகும். அதற்கும் சம்மதிக்காதவரிடம் "ஸ்டாக் இன்ஜின்" விலை கொடுக்காதீர்கள். உள்ளே வேலை நடந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு, ஒரு புது பிளாக் கிட்டின் விலையைக் கழித்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.